என் சம்மட்டிக்கு எடை கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

சிங்கப்பூர் சுங்கை காடூட்டில் உள்ள என் பட்டறையில், மோட்டாரில் ஓடி இரும்பை அடிக்கும் சம்மட்டி இயந்திரமான பவர் ஹாமர் போன சனிக்கிழமை ஓடத் தொடங்கிவிட்டது. 25 கிலோ தலை, நிமிடத்துக்கு 200 அடிக்கு மேல். இந்த 8 மாதமும் நான் யார் யாரைத் தேடி வந்தேனோ, அவர்களுக்கு இந்த மடல்.

ஊரில் அப்பா குறட்டால் இரும்பைப் பிடித்து, கைச்சுத்தியால் தட்டி இடம் காட்டுவார். எதிரே நின்று சித்தப்பா சம்மட்டி போடுவார். இங்கே எனக்கு எதிரே நிற்க ஆளில்லை. அந்த இடத்துக்குத்தான் இந்த இயந்திரம்.

லாரி பட்டறை அண்ணே, 20 வருடம் ஓடி ஆயுள் முடிந்த லாரியின் வில்பட்டையைக் கழற்றி எனக்காக எடுத்துவைத்தீர்கள். “துளை போடாதே, வெல்டிங்கும் வைக்காதே, அங்கேயே விரிசல் விடும். கிளாம்ப் போட்டுக் கட்டு” என்றீர்கள். அந்தப் பட்டைதான் இப்போது தலையைச் சாட்டை மாதிரி சொடுக்கி இறக்குகிறது. நீங்கள் கொடுத்த டயர்தான் கிளட்ச். மிதியை அழுத்தினால் மோட்டார் உருளை டயரோடு உரசிச் சுற்றுகிறது. மெல்ல மிதித்தால் மெல்லிய அடி, காலை எடுத்தால் நின்றுவிடும்.

கீழே அடி வாங்கும் பட்டடைக்காகக் குழாயில் கான்கிரீட் நிரப்பி வைத்திருந்தேன். அடி சொத்தென்று விழுந்தது, இரும்பு அசையவில்லை. புதுக்கோட்டைத் தம்பிதான் வெல்டிங் கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சொன்னான்: “அண்ணே, தலையைப் போல 15 மடங்கு எடை கீழே வேணும். அதுவும் முழு இரும்பா.” பழைய இரும்புக் கடைத் தவுக்கே (முதலாளி) 30 செ.மீ. விட்டமுள்ள உருட்டுக் கம்பியில் 70 செ.மீ. அறுத்துக் கொடுத்தார். கிட்டத்தட்ட 390 கிலோ. காயலான் விலைதான் வாங்கினார், தன் லாரியிலேயே கொண்டுவந்தும் இறக்கினார். நீங்கள் கேட்ட தேங்காய்க் கத்திதான் தவுக்கே, அடுத்து அடிக்கப்போவது.

எலக்ட்ரீஷியன் அண்ணே, டயருக்குக் கூண்டு போடாமல் மெயினைப் போட விடமாட்டேன் என்று நின்றீர்கள். அன்று முகம் கொடுத்துப் பேசவில்லை நான். மன்னியுங்கள். இரண்டாம் நாளே ஒரு போல்ட் அறுந்து தெறித்தது, கூண்டில்தான் பட்டது.

பக்கத்து யூனிட்காரர்களே, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓட்டமாட்டேன்.

அப்பாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். திரையைப் பார்க்காமல் காதை வைத்துக் கேட்டவர், “நிறுத்துடா, இரும்பு ஆறிப்போச்சு, சத்தம் மாறுது” என்றார். பார்த்தேன், சிவப்பு மங்கியிருந்தது. மறுபடி உலையில் வைத்தேன்.