பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம்

அன்புள்ள கயல்,

நலம், நலமறிய ஆவல். "மறுபிறவி எல்லாம் என்னால நம்ப முடியாது, அப்புறம் புத்தர்கிட்ட எனக்கு என்ன இருக்கு?" என்று போன வாரம் கேட்டாய். குக்கர் கத்தியதில் பேச்சு பாதியில் நின்றுவிட்டது.

கேசபுத்தம் என்ற ஊரில் இருந்த காலாமர் குலத்தாரும் உன்னைப் போலக் குழம்பித்தான் புத்தரிடம் போனார்கள். வருகிற சாமியார் ஒவ்வொருவரும் தன் சரக்கே உசத்தி, மற்றதெல்லாம் மட்டம் என்கிறார், யாரை நம்புவது? பரம்பரையாக வந்தது, ஏட்டில் இருக்கிறது, ஏன், 'இவர் நம் குரு' என்பதற்காகக்கூட ஏற்காதீர்கள் என்றார் புத்தர். கெடுதல் என்று நீங்களே அறிந்தால் விடுங்கள், நன்மை என்று அறிந்தால் கைக்கொள்ளுங்கள். விவரம் தெரிந்தவர்கள் பழிக்கிறார்களா என்றும் பார்க்கச் சொன்னார். அதைப் பலர் சௌகரியமாக விட்டுவிடுகிறார்கள். மறுபிறவிக்கும் அங்கேயே பதில் உண்டு: நல்லபடி வாழ்பவருக்கு, அது இருந்தால் நல்ல கதி, இல்லாவிட்டாலும் இங்கேயே பகையில்லாமல் நிம்மதி.

எனக்குப் பிடித்தது அவர் தன் மகன் ராகுலனுக்குச் சொன்னது. "கண்ணாடி எதற்கு?" என்கிறார். "பார்த்துக்கொள்ள" என்கிறான் பையன். அதுபோல எதையும் செய்யும் முன்னும், செய்யும்போதும், செய்த பின்னும், இது எனக்கோ பிறருக்கோ துன்பமாகுமா என்று பார் என்கிறார். பேச்சுக்கும் நினைப்புக்கும் அதே கணக்குதான்.

இதில் நான் பழக எடுத்துக்கொண்டது பேச்சை. பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஒரு மாதமாக எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் தடவையும் நீ போனை எடுக்காதபோது காதுமடல் சுட்டது, தொண்டை அடைத்தது. "அம்மா நெனப்பே இல்ல" என்று வாட்ஸ்அப்பில் அடித்தும் விட்டேன். அனுப்பாமல் அந்தச் சூட்டையே கவனித்தேன். அடுப்பில் பால் பொங்குவதற்குள் தணிந்துவிட்டது. அழித்தேன். நீ கூப்பிட்டபோது "சாப்பிட்டியா" மட்டும்தான் வந்தது. மறுநாளே, பேப்பரை ஈரத்தில் வைத்ததற்கு அப்பாவைக் கத்தித் தீர்த்தேன். அதையும் எழுதியிருக்கிறேன்.

"மதம் மாறிட்டியா?" என்கிறார் அப்பா. கிருத்திகைக்கு முருகனுக்கு விளக்கு ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பருப்புப் பொடி கூரியரில் போட்டாயிற்று. கிடைத்ததும் ஒரு வார்த்தை சொல். மறந்தாலும் பரவாயில்லை, நோட்டில் இன்னும் நாலு பக்கம் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா