ஸ்வெட்டர் போட்டவர்களுக்கும் தண்ணீர் வேண்டும்: மூன்றாவது கோரிக்கை மனு

நாள்: 20-03-2017, திங்கட்கிழமை

அனுப்புநர்:
மேல் லைன், கீழ் லைன் குடியிருப்பு மக்கள் (42 வீடுகள்),
நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி) மற்றும் தனி அலுவலர் அவர்கள்,
ஊராட்சி ஒன்றிய அலுவலகம்.

பொருள்: குடிநீர் – ஊற்று வற்றியது – லாரித் தண்ணீர் குடியிருப்புக்குள் வராதது – வாரம் இரண்டு முறை சிறிய வண்டியில் தண்ணீர் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எங்கள் மனு, நாள் 09-01-2017. 2. எங்கள் மனு, நாள் 06-02-2017.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். பார்வையில் கண்ட இரண்டு மனுக்களையும் எங்கள் லைனில் உள்ள ஓய்வு பெற்ற பெரியவர் எழுதிக் கொடுத்தார். "கனிவுடன் பரிசீலித்து ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்" என்று மணிமணியாக எழுதியிருந்தார். முதல் மனுவுக்கு ரசீது கிடைத்தது. இரண்டாவது மனுவுக்கு ரசீதோடு, "தங்கள் கோரிக்கை முடித்து வைக்கப்பட்டது" என்று போனுக்கு ஒரு குறுஞ்செய்தியும் வந்தது. எதை முடித்தார்கள் என்று தெரியவில்லை. அதனால் இந்த முறை, தண்ணீர் எடுக்கிற நானே எழுதுகிறேன். தப்பு இருந்தால் மன்னிக்கவும்.

எங்கள் குடியிருப்பு தங்களுக்குத் தெரியாத இடமில்லை. தாங்கள் தினமும் அலுவலகம் போகிற பாதையில், டீக்கடை வளைவுக்கு எதிரே கீழே இறங்குகிற சரிவுதான். மேலேயிருந்து பார்த்தால் தேயிலை, சவுக்கு, நடுவில் ஓட்டு வீடு, படம் பிடிக்கிற மாதிரி இருக்கும். டூரிஸ்ட்காரர்கள் அந்த வளைவில் வண்டியை நிறுத்திப் படம் பிடித்துவிட்டுத்தான் போகிறார்கள். அந்தப் பச்சைதான் எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது ஐயா.

போன மாதம் மனு கொடுக்க வந்தபோது அங்கே இருந்த ஒருவர், "ஏம்மா, ஸ்வெட்டரும் குல்லாயும் போட்டுக்கிட்டு வந்து வறட்சிங்கிறீங்களே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வெட்கமாக இருந்தது, நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். பஸ்ஸில் திரும்பும்போதுதான் பதில் தோன்றியது. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

1. வறட்சி என்றால் வெடித்த வயலும் வெயிலும்தான் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். இங்கே வறட்சி குளிரோடு வரும். மேகம் இருந்தால் ராத்திரி மலைக்கு அது போர்வை மாதிரி. மேகமே கட்டாத வருஷத்தில் பகலில் வாங்கின சூடெல்லாம் ராத்திரி அப்படியே வானத்துக்குப் போய்விடுகிறது. மண்ணிலும் ஈரம் இல்லை, அதனால் சூடு தங்குவதில்லை. தை மாதம் முழுக்க உறைபனி. புல்லெல்லாம் உப்புத் தூவின மாதிரி கிடந்தது. வெயில் ஏறினதும் தேயிலை கருகிச் சுருண்டது. மழை இல்லாததும் பனி விழுந்ததும் ஒரே நோய்தான் ஐயா, இரண்டு இல்லை. இப்போது பங்குனி பிறந்துவிட்டது. காலையில் இன்னும் வாயிலிருந்து புகை வருகிறது, ஒரு சொட்டு மழை இல்லை.

2. இது நாங்களாகச் சொல்வதில்லை. ஜனவரி 10ஆம் தேதி அப்போதைய முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் அவர்கள் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அறிவித்தார். 2016இல் வழக்கமாக 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய வடகிழக்குப் பருவமழை 168 மில்லிமீட்டர்தான் பெய்தது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். எல்லா மாவட்டமும் என்றால் அதில் நீலகிரியும் உண்டுதானே? எங்கள் முதல் மனு அந்த அறிவிப்புக்கு முந்தின நாள் கொடுத்தது. அதற்குப் பிறகு முதலமைச்சரே மாறிவிட்டார், எங்கள் மனு கிடக்கிற மேஜை மாறவில்லை.

3. இனி எங்கள் ஊற்றைப் பற்றி. தாங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

எங்களுக்கு இருப்பது ஒரே ஊற்று. சதுப்புக்கு மேலே பாறை இடுக்கிலிருந்து வரும். அதில் ஒரு இரும்புக் குழாயைச் சொருகி வைத்திருக்கிறோம். என் மாமியார் அதைப் பீலி என்பார். சிறுவயதில் இலங்கைத் தோட்டத்தில் பழகின சொல், இங்கே வந்து இத்தனை வருஷமாகியும் அவர் வாயை விட்டுப் போகவில்லை. நல்ல வருஷத்தில் பீலியில் குடத்தை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் வழிந்துவிடும்.

இப்போது ஒரு குடம் நிறையப் பத்து நிமிஷம் ஆகிறது. குழாயில் தண்ணீர் விழுகிற சத்தமே கிடையாது, ஒட்டிக்கொண்டு கசிகிறது. ஒரு துணித் திரியைக் கட்டி அதன் வழியாகக் குடத்துக்குள் இறக்குகிறோம். வீட்டுக்கு மூன்று குடம் என்று பேசி வைத்திருக்கிறோம், அதற்கு மேல் யாருக்கும் கிடையாது, கர்ப்பிணி இருக்கிற வீட்டுக்கு மட்டும் ஒன்று கூடுதல். மூன்று குடத்துக்கு அரை மணி நேரம். 42 வீட்டுக்கு 21 மணி நேரம். தாங்கள் கணக்குத் தெரிந்தவர். ஒரு நாளைக்கு 24 மணி நேரம்தான் ஐயா.

21 மணி நேரத்துக்கு ஒரு தடவை என்பதால் ஒரு வீட்டின் முறை ஒரே நேரத்தில் நிற்பதில்லை, தினமும் மூன்று மணி நேரம் முன்னால் வருகிறது. இன்றைக்கு விடிகாலை 5 மணி என்றால் நாளைக்கு ராத்திரி 2 மணி, அப்புறம் 11 மணி. ஆளே நின்றால் குளிரில் செத்துவிடுவோம் என்று ஆளுக்கொரு கல் வைத்திருக்கிறோம். என்னுடையது வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த கல். முன்னால் உள்ள வீட்டுக்காரி முடித்துவிட்டு வந்து ஜன்னலைத் தட்டுவாள். எழுந்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு குடத்தோடு இறங்க வேண்டும், மூன்றாவதுக்கு இன்னொரு நடை.

தை மாதத்தில் குடத்தின் வாயில் கண்ணாடிச் சில்லு மாதிரி ஏடு கட்டியிருக்கும். அதை விரலால் உடைத்துவிட்டுத்தான் இடுப்பில் வைப்போம். கொஞ்சம் தளும்பினால் சேலை நனைந்து ஒரு பக்கம் உணர்ச்சியே இருக்காது. வீட்டுக்கு வந்து கைவெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் போடலாம் என்றால் பாட்டிலில் கட்டியாக இருக்கும், அதையும் அடுப்புப் பக்கம் வைத்து இளக்க வேண்டும். மூன்று குடம் என்பது 45 லிட்டர். நாங்கள் வீட்டில் ஐந்து பேர். குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ, கால் கழுவ எல்லாம் அதில்தான். குளிக்கிற பேச்சை இங்கே எழுத எனக்கு இஷ்டமில்லை.

4. ஊற்றுக்கு வருவது நாங்கள் மட்டும் இல்லை. கீழே ஓடை வற்றிவிட்டதால் காட்டெருமை வருகிறது. அதன் மேல் எங்களுக்குக் கோபமில்லை, அதற்கும் தாகம்தான். மாசியில் ஒரு ராத்திரி நானும் பக்கத்து வீட்டு அக்காவும் போனபோது பீலிக்கு முன்னால் கறுப்பாகப் பாறை மாதிரி நின்றது. டார்ச் பட்டதும் கண் பச்சையாக மின்னியது. எங்களை விரட்டவில்லை. குனிந்து, ஈரமான கல்லை நக்கிக்கொண்டே இருந்தது. குடிக்கிற அளவுக்கு அங்கே தண்ணீர் தேங்கவே இல்லை. நாங்கள் கக்கூஸ் சுவருக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் ஒண்டி நின்றோம். அது போனபோது எங்கள் முறை போய்விட்டது, எங்களுக்குப் பின்னால் இருந்த அத்தனை வீட்டு முறையும் தள்ளிப்போனது, மறுநாள் லைனில் ஒரே சண்டை. இன்னொரு வீட்டுப் பாட்டி வேறொரு நாள் அதைக் கண்டு திரும்பி ஓடப் பார்த்து, விழுந்து, மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டோடு இருக்கிறார். அந்தப் பாதையில் ஒரு தெருவிளக்கு கேட்டதும் முந்தின மனுவில் இருக்கிறது.

5. லாரி விடுகிறோமே என்று சொல்வீர்கள். விடுகிறீர்கள், நன்றி. பன்னிரண்டு நாளைக்கு ஒரு முறை வந்து டீக்கடை வளைவில் நிற்கிறது. அங்கிருந்து மேல் லைனுக்கு 183 படி. நான் எண்ணியிருக்கிறேன், தண்ணீர் சுமக்கிறவளுக்கு எண்ணாமல் இருக்க முடியாது. லாரி வருகிற நாளும் நேரமும் யாருக்கும் தெரியாது. நாங்கள் கொழுந்து பறிக்கப் போன நேரத்தில் வந்தால் ரோட்டோரத்து வீடுகளோடு தீர்ந்துவிடும். போன தடவை நான் ஓடி ஏறியபோது ஓட்டுநர் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சுருட்டின குழாய்க்குள் மிச்சம் இருந்ததை என் குடத்தில் வடித்துக் கொடுத்தார், கால் குடம் இருக்கும். நல்ல மனிதர். கால் குடத்தோடு 183 படி இறங்கினேன் ஐயா.

6. வறட்சிக்காக நூறு நாள் வேலையை 150 நாளாக்கினது சந்தோஷம். வேலைக்குப் போனால் முறை போகிறது, முறைக்கு நின்றால் வேலை போகிறது. நிலவரி தள்ளுபடி என்றார்கள். எங்களில் ஏழெட்டு வீட்டுக்குத்தான் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் சொந்தத் தேயிலை, அதற்கு என்ன வரி வரப்போகிறது.

7. என் மகள் பத்தாம் வகுப்பு. இப்போது அரசுப் பொதுத்தேர்வு நடந்துகொண்டிருக்கிறது. எனக்குக் காய்ச்சல் வந்த அன்று அவள்தான் ராத்திரி முறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போய்ப் பார்த்தால், குடத்துக்குப் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்து, தலையோடு கம்பளி போர்த்திக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில் படிக்கிறாள். "அம்மா, பத்து நிமிஷத்துக்கு ஒரு ரெண்டு மார்க் கேள்வி, கரெக்டா இருக்கு" என்றாள். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாளை மறுநாள், 22ஆம் தேதி, உலகத் தண்ணீர் தினம். வருஷா வருஷம் பள்ளிப் பிள்ளைகள் கையில் அட்டை கொடுத்து "தண்ணீரைச் சேமிப்போம்" என்று கோஷம் போடச் சொல்வார்கள். சேமிக்கிறோம் ஐயா. 45 லிட்டரில் இன்னும் எதைச் சேமிப்பது என்று அந்த ஊர்வலத்தில் யாராவது சொல்லிக் கொடுத்தால் நல்லது.

8. "கோடை மழை வந்தால் சரியாகிவிடும்" என்று தங்கள் அலுவலகத்தில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அது வந்தால் வரட்டும். வராவிட்டால் ஜூன் வரைக்கும் யார் பதில்? முன்பு என்றால் ஊராட்சித் தலைவர் வீட்டு வாசலில் போய்க் கத்தலாம், ஓட்டுக்குப் பயந்தாவது எட்டிப்பார்ப்பார். போன அக்டோபரோடு தலைவர்கள் பதவிக்காலம் முடிந்தது, உள்ளாட்சித் தேர்தலும் நடக்கவில்லை. இப்போது தலைவரும் தாங்கள்தான், அதிகாரியும் தாங்கள்தான். ஒன்றரை கிலோமீட்டரில் இருக்கிறீர்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஜீப்பை வளைவில் நிறுத்திவிட்டு 183 படி இறங்கிப் பாருங்கள். டீ கொடுப்போம். அந்த டீக்கு எந்தத் தண்ணீர் என்று நான் சொல்ல மாட்டேன்.

கோபமாக எழுதிவிட்டேன். மன்னிக்கவும். மாற்றி எழுதலாம் என்றால் வேறு தாள் இல்லை.

நாங்கள் கேட்பது இதுதான். மலையில் போர்வெல் போட லேசில் அனுமதி கிடைக்காது என்பது எங்களுக்கும் தெரியும், அதைக் கேட்கவில்லை. லாரி இறங்காத பாதையில் பிக்கப் வண்டி இறங்குகிறது, கொழுந்து ஏற்றுகிற பிக்கப் தினமும் மேல் லைன் வாசலுக்கே வந்து போகிறது. அதே மாதிரி ஒரு வண்டியில் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியை வைத்து, வாரத்துக்கு இரண்டு நாள், எந்த நாள் என்று முன்கூட்டியே சொல்லி, நடைக்கு நடை கொண்டுவந்து ஊற்றினால் போதும். ஊற்றுப் பாதைக்கு ஒரு விளக்கு. சதுப்புக்குக் கீழே தூர்ந்துபோன பழைய கிணறு இருக்கிறது, அதை நூறு நாள் வேலையிலேயே தூர்வார உத்தரவு போட்டால் நாங்களே இறங்கித் தோண்டுகிறோம், கூலியும் எங்களுக்கு, தண்ணீரும் எங்களுக்கு. மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் தண்ணீர் வண்டி. தண்ணீர் வண்டி மட்டும் இந்த வாரமே வேண்டும் ஐயா.

இந்த மனுவையும் முடித்து வைத்துவிட்டதாகக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேல் லைன், கீழ் லைன் மக்கள்
(31 கையெழுத்து, 11 கைநாட்டு தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

இணைப்பு: முந்தைய இரண்டு மனுக்களின் நகல், ரசீதுகள், குறுஞ்செய்தி வந்த போனின் படம்.

பி.கு.: வண்டி அனுப்புவதானால் காலை 7 மணிக்கு முன்னாலோ மாலை 5 மணிக்குப் பின்னாலோ அனுப்பவும், மற்ற நேரம் எல்லாரும் தோட்டத்தில் இருப்போம். வளைவில் திரும்பும்போது ஹாரன் அடிக்கச் சொல்லுங்கள். மூன்று தடவை அடித்தால் மேல் லைன் வரைக்கும் கேட்கும்.