முரளிக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள முரளிக்கு,

நாங்கள் நலம். அப்பாவின் முழங்கால் அப்படியேதான். உன் போனுக்கு அடித்தால் மணி அடித்து ஓய்ந்துவிடுகிறது, அதனால்தான் கடிதம். பழைய முகவரிக்கே அனுப்புகிறேன். அந்த அறையில்தானே இருக்கிறாய்?

போன ஞாயிறு அப்பா என்னை சினிமாவுக்குக் கூட்டிப் போனார். ஆமாம், உன் அப்பாதான். பனசங்கரிப் பக்கம் ஒரு சின்ன அரங்கில் ‘முள்ளும் மலரும்’ போட்டார்கள். அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, அந்தக் காலை வைத்துக்கொண்டு வந்தார். டிவியில் விளம்பரங்களுக்கு நடுவே எத்தனையோ முறை பார்த்த படம்தான். ஆனால் பாலு மகேந்திரா கேமராவில் பிடித்த மலையும் வெளிச்சமும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் அடங்கியே இருக்கவில்லை என்று இப்போதுதான் தெரிந்தது. ஷோபாவின் முகம் திரை முழுக்க வந்தபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது. பாவம், எவ்வளவு சின்ன வயதில் போய்விட்டாள்.

பக்கத்து இருக்கை அம்மாளிடம் என் மகனும் சினிமாவில்தான் இருக்கிறான் என்று சொன்னேன். என்ன படம் என்று கேட்டார். நல்லவேளை, விளக்கை அணைத்துவிட்டார்கள்.

படத்தில் ரஜினிக்கு, அந்தக் காளிக்கு, வேலையில் தகராறு, அப்புறம் குடி, அப்புறம் லாரி ஏறிக் கை போய்விடுகிறது. அப்படி ஆகி வீட்டுக்கு வருகிறான் பார், அந்த இடத்தில் டைரக்டர் மகேந்திரன் யாரையும் நீளமாகப் பேச விடவில்லை. வேறு யாராவது எடுத்திருந்தால் ஊரே கூடி ஒப்பாரி வைத்திருக்கும். வீட்டுக்கு வருகிறவனிடம் எல்லாவற்றையும் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று இல்லை. நானும் கேட்கிறவள் இல்லை. அது உனக்குத் தெரியும். வாசு ஏதோ சொன்னான். அவன் எப்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருப்பான்.

காலையில் சாப்பிடுகிறாயா? டீயைக் குடித்துவிட்டு மதியம் வரை ஓட்டாதே.

திரும்பி வரும்போது அப்பா மெட்ரோவில் பாடமே நடத்தினார். 1978இல் அந்தப் படம் வந்தபோது மகேந்திரனுக்கு 39 வயதாம். அதற்கு முன்னால் பத்திரிகை வேலை, அடுத்தவர் படங்களுக்குக் கதை வசனம். ‘தங்கப்பதக்கம்’ அவர் எழுதியதுதானாம். உனக்கு இன்னும் எவ்வளவோ காலம் இருக்கிறது என்று சொல்லத்தான் இதையெல்லாம் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த நிலையத்திலேயே, “அந்த ஆள் கையில் ஒரு வேலையை வைத்துக்கொண்டுதான் காத்திருந்தார், உன் மகன் அதை விட்டுவிட்டான்” என்று முடித்தார். அவர் அப்படித்தான். ஆனால் படம் ஓடும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததை நான் பார்த்தேன்.

இன்னொன்றும் சொன்னார். ‘செந்தாழம் பூவில்’ பாட்டை எடுக்கத் தயாரிப்பாளர் பணம் தர மாட்டேன் என்றபோது கமல்ஹாசன்தான் கொடுத்து உதவினாராம். அவ்வளவு பெரிய டைரக்டருக்கே இன்னொருவர் கை கொடுக்க வேண்டியிருந்தது. நீ யாரிடமும் வாய் திறக்க மாட்டாய். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால்கூடச் சொல்லாமல் பள்ளிக்கூடம் போய்விடுவாய். அதைப் பெருமையாக நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சின்ன அத்தை வீட்டு விஷயம் ஒருவழியாக முடிந்தது, நேரில் சொல்கிறேன். மாடி அறையை வாடகைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். அப்பா தரவில்லை. ஒழுகுகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். எங்கே ஒழுகுகிறது? போன வருடம்தானே பூசினோம்.

உன் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன். எதற்கு என்று கேட்டு போன் செய்யாதே. செய்தாலும் சரிதான், சாயங்காலம் ஆறு மணிக்குச் செய், அப்பா அப்போது பால் வாங்கப் போவார். பணம் போட்டது அவருக்குத் தெரியாது. அவரும் தனியாகப் போட்டிருந்தால் எனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

காலையில் சாப்பிடு.

அம்மா
அல்சூர், பெங்களூரு