அதிபரின் அறைக்குள் யார்?

அன்பு நண்பருக்கு,

வணக்கம். கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. மறுபடியும் படிக்க முடிகிறது. அமெரிக்க அதிபரை அவருடைய அமைச்சரவை கட்டுப்படுத்துமா என்று கேட்டிருந்தீர்கள்.

அந்நாட்டு அரசியலமைப்பில் அமைச்சரவை என்ற சொல்லே கிடையாது. துறைத் தலைவர்களிடம் அதிபர் எழுத்துமூலம் கருத்துக் கேட்கலாம். நம் நாட்டில் உள்ளதுபோல், அமைச்சரவை முழுவதும் ஒன்றாக நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் கூட்டுப் பொறுப்பும் இல்லை. ஆகவே யாருடைய சொல் எடுபடும் என்பது பதவியைவிட, அதிபரின் அறைக்குள் யார் போய்வருகிறார்கள் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

அதிபர் நிக்சன் காலத்தைப் பாருங்கள். வெளியுறவு அமைச்சர் வில்லியம் ராஜர்ஸ் அவருடைய நெடுநாள் நண்பர். செனட்டின் ஒப்புதல் பெற்றவர். தேசியப் பாதுகாப்பு ஆலோசகரான கிஸ்ஸிங்கருக்கு அந்த ஒப்புதலே தேவைப்படவில்லை. ஆனாலும் 1971 ஜூலையில் டெல்லி வழியாக இஸ்லாமாபாத் சென்று, வயிற்றுக் கோளாறு என்று சொல்லிவிட்டு, விடியும் முன்பே பாகிஸ்தான் விமானத்தில் ரகசியமாகப் பெய்ஜிங்குக்குப் பறந்து சீனப் பிரதமர் சூ என்லாயுடன் பேசியவர் கிஸ்ஸிங்கர்தான். மாற்றுச் சட்டைகளை மறந்துவிட்டு, உடன் வந்த அதிகாரியிடம் இரவல் வாங்கி உடுத்தினாராம். அவற்றில் தைவான் தயாரிப்பு என்ற முத்திரை இருந்தது. கிஸ்ஸிங்கர் வாஷிங்டனைவிட்டுக் கிளம்பிய பிறகே ராஜர்ஸுக்கு விவரம் தெரிவிக்கப்பட்டது.

சீனாவுடன் உறவு மலர்ந்தது பெரிய சாதனை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதற்குத் தூது போனவர் அன்றைய பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கான். அதே ஆண்டு ஏப்ரல் 6 அன்று, கிழக்குப் பாகிஸ்தானில் (இன்றைய வங்கதேசம்) அவருடைய ராணுவம் நடத்திய படுகொலைகளைக் கண்டு அமெரிக்க அரசு மௌனம் காப்பதை எதிர்த்து, டாக்கா துணைத் தூதரகத்திலிருந்து இருபது அதிகாரிகள் கையெழுத்திட்ட தந்தி சென்றது. அதைத் தம் ஆதரவுடன் அனுப்பிய துணைத் தூதர் ஆர்ச்சர் பிளட் பணியிடம் மாற்றப்பட்டார். கண்ணால் கண்டவர்களின் சொல் அந்தச் சிறு வட்டத்துக்குள் எடுபடவில்லை என்பது இன்றும் என் மனத்தை அறுக்கிறது.

இதற்கு மாறாக, 1962 அக்டோபரில், கியூபாவில் சோவியத் யூனியன் ஏவுகணைகளை நிறுவியதால் எழுந்த நெருக்கடியின்போது, ஆலோசகர்கள் தயங்காமல் பேசட்டும் என்று அதிபர் கென்னடி சில கூட்டங்களுக்கு வராமலேயே இருந்தார். அதிபரின் முகம் பார்த்துப் பேசும் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1973-இல் ராஜர்ஸ் விலகினார். கிஸ்ஸிங்கர் இரு பதவிகளையும் சேர்த்தே வகித்தார். தூதரகப் பணியில் இத்தனை ஆண்டுகள் இருந்த தாங்கள், ஒரு தந்தி எந்தக் கட்டத்தில் தடுக்கப்படுகிறது என்பதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும்.

தங்கள் அன்புள்ள நண்பன்