நீச்சல் குளம் நடத்துறவங்களுக்கு: எங்களுக்கு ஏணி வேணாம், படி போடுங்க

வணக்கம்ங்க,

எனக்கு வயசு 48, வெயிட் 92 கிலோ, நீச்சல் சுத்தமா தெரியாது. மூணு மாசமா உங்க மாதிரி ஒரு குளத்துல நெஞ்சளவு தண்ணில நடக்கறேன், அவ்ளோதான், அதுக்கே முட்டி வலி எவ்ளோ குறைஞ்சிருக்குன்னு என்னாலயே நம்ப முடியல. இடுப்பு வரைக்கும் தண்ணி இருந்தா பாரம் பாதியாயிடும், நெஞ்சு வரைக்கும்னா கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்குதான், அதாவது உள்ள நிக்கறப்போ என் முட்டி தாங்குறது சுமார் 30 கிலோ. தரையில பத்து நிமிஷம் நடந்தா உக்கார இடம் தேடுற நான் தண்ணில முக்கா மணி நேரம் நிக்காம நடக்கறேன்.

பிரச்சனையே வெளிய வரும்போதுதான். அந்த ஸ்டீல் ஏணி இருக்கே, நேர் செங்குத்தா, மூணே கம்பி, ஈரக் கால் வழுக்கும், ஒவ்வொரு கம்பி ஏறும்போதும் தண்ணி தாங்குன வெயிட்டு திரும்ப நம்ம மேலயே வந்து உக்காரும், அதுவும் முக்கா மணி நேரம் வேலை செஞ்ச கால் மேல. போன வாரம் நடுக் கம்பில முட்டி இடிச்சு நின்னுட்டேன், பின்னாடி நாலு பசங்க வெயிட்டிங், நான் இறங்கவும் முடியாம ஏறவும் முடியாம... அன்னிக்கே என்ன மாதிரி தண்ணில நடக்கற ரெண்டு பேர் இனிமே வரலன்னுட்டாங்க. ஒரு ஓரத்துல அகலமான படியும் கைப்பிடியும் போட்டா போதும்ங்க.

அப்புறம் கரையில நின்னு கைதட்டுற ட்ரெய்னர்கிட்ட சொல்லுங்க, தண்ணில வேகத்த ரெண்டு மடங்காக்குனா எதிர்ப்பு சுமார் நாலு மடங்காகும், அவர் தரையில ஆடுற ஸ்பீடு எங்களுக்கு வராது. பல்ஸ் கம்மியா இருக்கு இன்னும் வேகமான்னு விரட்டுறதும் வேணாம், நெஞ்சளவு தண்ணில நின்னா பல்ஸ் தானாவே கொஞ்சம் குறைவாத்தான் காட்டும். மூச்சு வாங்கிட்டே பேச முடியுதான்னு பாத்தா சரியா இருக்கும். போட்டிக்கு நீந்துறவங்களுக்கு தண்ணி 26 டிகிரி இருந்தா ஓகே, மெதுவா நடக்கற எங்களுக்கு 29, 30 இல்லாட்டி உடம்பு விறைச்சுக்குது.

வாசல்ல ஒல்லியான பொண்ணு படம் போட்டு "கிலோ கணக்கா குறையும்"னு எழுதாதீங்க, எனக்கு ரெண்டே கிலோதான் குறைஞ்சுது, ஆனா நான் விடாம வர்றது முட்டிக்காக. எலும்புக்கு தண்ணில நடக்கறது மட்டும் பத்தாதுன்னு வீட்ல தனியா டம்பெல்லும் தூக்கறேன்.

படி எதுக்குன்னு இன்னும் டவுட்டா இருந்தா, முதுகுல கனமான ஒரு மூட்டையக் கட்டிக்கிட்டு ஈரக்காலோட அந்த ஏணில ஒரு தடவ ஏறிப் பாத்துட்டு வாங்க, பேசுவோம்.