பட்டாளத்தாருக்கும் ஒரு மலர்வளையம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷாவின் நினைவு நாளையொட்டி (ஜூன் 27) நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். தரைப்படைத் தளபதியாக அவர் நடத்திய 1971 பாகிஸ்தான் போர், அதில் சரணடைந்த 93 ஆயிரம் பேர், அவருடைய மீசை எல்லாம் வந்திருக்கின்றன. அவரை நாம் வழியனுப்பிய விதம் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. நான் குன்னூர்க்காரன். அவரும் தளபதிப் பொறுப்பு முடிந்த பிறகு கடைசிவரை எங்கள் ஊரில் இருந்தவர் என்பதால், அந்த விடுபடல் எனக்கு உறுத்துகிறது.

2008-இல் எங்கள் ஊருக்குப் பக்கத்து வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் அவர் காலமானபோது வயது 94. ஊட்டியில் பார்சிகளின் இடுகாட்டில், மனைவி சில்லூவின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். குடியரசுத் தலைவர் வரவில்லை, பிரதமர் வரவில்லை, பாதுகாப்பு அமைச்சரும் வரவில்லை. மத்திய அரசின் சார்பில் இணை அமைச்சர் பல்லம் ராஜு வந்தார். தேசிய துக்கமும் அறிவிக்கப்படவில்லை. விதியை மீறினார்கள் என்று சொல்ல முடியாது. அறிவித்தே ஆக வேண்டும் என்று ஒரு விதி இருந்தால்தானே மீறுவதற்கு!

மலையேறி வருவது சிரமம் என்று யாராவது சொன்னால், கர்நாடகத்தின் குடகு மலையில் இருக்கும் மடிக்கேரியை நினைவூட்டுவேன். 1993-இல் ஃபீல்டு மார்ஷல் கரியப்பாவின் இறுதிச் சடங்கு அங்கேதான் நடந்தது. முப்படைத் தளபதிகளும் போயிருந்தார்கள், மானெக்‌ஷாவும் போயிருந்தார். மடிக்கேரி ஒன்றும் டெல்லிக்குப் பக்கத்துத் தெரு இல்லை. 2017-இல் விமானப்படை மார்ஷல் அர்ஜன் சிங் மறைந்தபோது குடியரசுத் தலைவரும் பிரதமரும் வீட்டுக்கே போய் அஞ்சலி செலுத்தினார்கள். டெல்லியில் தேசியக் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது, பீரங்கிகள் முழங்கின. ஃபீல்டு மார்ஷல், விமானப்படை மார்ஷல் என்ற ஐந்து நட்சத்திரப் பதவியை அடைந்தவர்கள் இந்த நாட்டில் இதுவரை மூன்றே பேர். மூவரில் ஒருவருக்கு மட்டும் ஏன் இந்தக் குறை? எழுதிவைத்த முறை எதுவும் இல்லாமல், அன்றைக்கு யாருக்கு என்ன தோன்றுகிறதோ அதன்படி நடந்தால் இப்படித்தான் ஆகும்.

உயிரோடு இருந்தபோது மட்டும் என்ன வாழ்ந்தது? ஃபீல்டு மார்ஷலுக்கு ஓய்வே கிடையாது, ஆயுள் முழுவதும் முழுச் சம்பளம் என்பது ஏற்பாடு. அந்தக் கணக்கில் சேர வேண்டிய நிலுவை, ஒரு கோடி ரூபாய்க்கும் மேல், அவர் கைக்கு வந்தது 2007-இல். அப்போது அவருக்கு 93 வயது. அந்த ஆண்டு வெலிங்டனுக்கு வந்து அவரை மருத்துவமனையில் பார்த்துவிட்டுப் போனவர் அப்துல் கலாம். (அந்தச் சந்திப்பைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் வசனங்களை நான் நம்புவதில்லை. போய்ப் பார்த்தார் என்பதே போதும்.)

இறந்த பிறகு எல்லாம் வந்தன. 2008 டிசம்பர் 16 அன்று தபால்தலை, 2009-இல் ஊட்டி–குன்னூர் சாலைப் பாலத்துக்கு அவர் பெயர், 2014-இல் பாலத்துக்கு அருகில் கருங்கல் சிலை. சந்தோஷம்தான். ஆனால் நான் எழுத வந்தது அவருக்கு இன்னொரு சிலை கேட்டு அல்ல.

1942 பிப்ரவரியில், பர்மாவில் சிட்டாங் பாலத்துக்கான சண்டையில், இளம் கேப்டனாக இருந்த மானெக்‌ஷாவின் உடம்பைக் குண்டுகள் துளைத்தன. பிழைக்க மாட்டார் என்று நினைத்த மேலதிகாரி கோவன், தன் சட்டையில் இருந்த மிலிட்டரி கிராஸ் பதக்கத்தின் ரிப்பனைக் கழற்றி அவருக்குக் குத்திவிட்டார். இறந்தவருக்கு அந்தப் பதக்கம் கொடுக்க மாட்டார்கள் என்பதால் அந்த அவசரம். இதை எல்லோரும் எழுதுகிறார்கள். அவரைச் சண்டைக்களத்தில் இருந்து தூக்கிக்கொண்டு வந்து டாக்டரிடம் சேர்த்த ஆர்டர்லி ஷேர் சிங் என்ற சிப்பாயைப் பற்றி எத்தனை பேர் எழுதுகிறார்கள்? அந்த மனிதர் அன்றைக்கு, ‘ஐயா பிழைக்க மாட்டார்’ என்று விட்டுவிட்டு வந்திருந்தால் 1971-க்கு வேறு தளபதியைத்தான் தேடியிருக்க வேண்டும். ஷேர் சிங் பெயரில் பாலமும் இல்லை, தபால்தலையும் இல்லை.

நம் ஊர்களில் ஷேர் சிங்குகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வேலூர் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். மற்ற ஊர்களிலும் தெருவுக்கு ஒரு ‘பட்டாளத்தார் வீடு’ இருக்கும். பதினெட்டு, பத்தொன்பது வயதில் சேர்ந்து, வெலிங்டன் மைதானத்தில் ‘வீர மதராசி, அடி கொல்லு’ என்று மதராஸ் ரெஜிமென்ட்டின் போர் முழக்கத்தைத் தொண்டை கிழியக் கத்திப் பழகி, சியாச்சின், காஷ்மீர், நாகாலாந்து என்று போட்ட இடத்தில் எல்லாம் இருந்துவிட்டு, ஹவில்தாராகவோ சுபேதாராகவோ திரும்பி வந்தவர்கள். வந்த பிறகும் பலர் வங்கி வாசலிலும் ஏடிஎம் வாசலிலும் காவலுக்கு உட்கார்ந்தார்கள். பணியில் இருக்கும்போது இறப்பவருக்குக் கொடி போர்த்துகிறோம், துப்பாக்கி முழங்குகிறது, அமைச்சர்கள் வருகிறார்கள். அது நியாயம். அதே ஆள் முழுச் சேவையும் முடித்து, எழுபத்தெட்டு வயதில் தன் வீட்டுக் கட்டிலில் இறந்தால்?

அப்படி ஒரு வீட்டுக்கு நானே போயிருக்கிறேன். கூடத்தில் கறுப்பு ட்ரங்க் பெட்டி, மூடியில் வெள்ளை பெயின்ட்டில் நம்பரும் பெயரும். அதன்மேல் யாரோ அவருடைய மெடல்களை எடுத்து வைத்திருந்தார்கள். ரிப்பன்கள் சாயம் போய் எது எந்த மெடல் என்றே தெரியவில்லை. முன்னாள் படைவீரர் சங்கத்தில் இருந்து நாலைந்து பெரியவர்கள் தொப்பியோடு வந்து, வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். அதில் ஒருவருக்கு நிற்கவே முடியவில்லை, பேரன் பிடித்துக்கொண்டான். அரசாங்கம் என்ற பெயரில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்தச் சங்கமும் இல்லாத ஊராக இருந்தால் அதுவும் கிடையாது.

செய்ய முடியாத காரியமா இது? 2023 செப்டம்பரில், உடல் உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று தமிழக அரசு அறிவித்தது. அதிகாரிகள் வீடு தேடிப் போய் மலர்வளையம் வைக்கிறார்கள். அருமையான முடிவு, மற்ற மாநிலங்களும் பின்பற்ற வேண்டியது. அதே வழியில், பென்ஷன் பெறும் அளவுக்கு, அதாவது பதினைந்து ஆண்டுக்குக் குறையாமல், சேவை செய்த ஒவ்வொரு படைவீரருக்கும் ஒரு மரியாதையை விதியாகவே எழுதி வைக்கலாமே.

முன்னாள் படைவீரர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்களே, எல்லோருக்கும் குண்டு முழங்க முடியுமா என்று கேட்பார்கள். வேண்டாம். குண்டும் வேண்டாம், பீரங்கி வண்டியும் வேண்டாம். தாசில்தாரோ அவருக்குக் கீழே ஒருவரோ ஒரு மலர்வளையத்தோடு வரட்டும். முடிந்தால் பக்கத்துக் கல்லூரி என்சிசி மாணவர்கள் நான்கு பேர் சீருடையில் வரட்டும். மாவட்டத்துக்கு மாவட்டம் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, அங்கே யார் யார் என்ற பதிவும் இருக்கிறது. ஒரு போன் செய்தால் தகவல் போகும் ஏற்பாடுதான் தேவை. குடும்பம் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம்.

மக்களுக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் எங்கள் நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்து ஜெனரல் பிபின் ராவத்தும் மற்றவர்களும் இறந்தபோது, முதல்வர் வெலிங்டனுக்கே வந்து அஞ்சலி செலுத்தினார். அடுத்து உடல்கள் மலையிறங்கிச் சூலூர் போன வழி நெடுக ஜனங்கள் நின்று பூத் தூவினார்கள். யாரும் ஆள் சேர்க்கவில்லை, வண்டி அனுப்பவில்லை.

அரசு செய்யும்போது செய்யட்டும். உங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. மாவட்டப் பக்கத்தில், படையில் பணியாற்றி மறைந்தவர்களின் பெயர், ரெஜிமென்ட், சேவை செய்த ஆண்டுகள், ஊர் என்று நான்கு வரி, கட்டணம் வாங்காமல் போடுங்கள். நீலகிரியில் இருந்து தகவல் சேர்த்து அனுப்ப நானும் சில நண்பர்களும் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குன்னூர்.