பேரரசை அடுப்படியிலிருந்து தொடங்குங்கள்

இங்கிலாந்தின் பள்ளி வரலாற்றுப் பாடத்திட்டத்தை வகுப்போருக்கு,

வணக்கம். 11 முதல் 14 வயது வரையுள்ள மாணவர்களின் பாடத்தில் 1745–1901 பிரிவின் தலைப்பிலேயே பேரரசு இருக்கிறது. ஆனால் அதன்கீழ் வருபவை வெறும் உதாரணங்கள். நடத்தியே ஆகவேண்டும் என்றில்லை. நடத்தினாலும் அது எங்கோ இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நடந்த சங்கதியாகவே முடிகிறது. இங்கிலாந்தின் சாப்பாட்டையும் வரிக்கணக்கையும் அது எப்படி மாற்றியது என்பதைக் காணோம். இரண்டு பாடங்களைக் கட்டாயமாக்கக் கேட்கிறோம்.

முதலாவது, கிறிஸ்துமஸ் புட்டிங் என்ற உலர்பழப் பலகாரம். பேரரசின் சரக்குகளை விற்க 1926-இல் அமைந்த அரசு வாரியம், மறுவருடமே அரண்மனைச் சமையற்காரரின் செய்முறையைப் பரப்பியது. ஆஸ்திரேலிய உலர்திராட்சை, நியூசிலாந்து மாட்டுக்கொழுப்பு, சிலோன் பட்டை, சான்சிபார் கிராம்பு, ஜமைக்கா ரம். இங்கிலாந்தின் அடையாளமான பண்டத்தில் உள்ளூர்ச் சரக்கு மாவு, ரொட்டித்தூள், பீர் என்ற அளவில்தான்.

இதை வரைபடத்தில் குறிக்கச் சொல்வதோடு பல வகுப்புகள் நின்றுவிடும். அங்கேதான் பிசகும்: அந்த வாரியத்தின் விளம்பரத்தையே நாமும் நடத்தியதாகிவிடும். ஒரு பொருளையாவது பறித்த கை வரை தொடரவேண்டும். கிராம்பை எடுங்கள். கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபார் பிரிட்டிஷ் பாதுகாப்பின்கீழ் வந்தது 1890-இல். அடிமைமுறைக்கு அங்கே சட்ட அங்கீகாரம் போனது 1897-இல்தான். தன் பெரும்பாலான குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழிக்க 1833-இலேயே சட்டம் போட்ட நாடு இது.

அந்த 1833 சட்டம்தான் இரண்டாவது பாடம். 2 கோடி பவுண்டு நட்டஈடு, அரசின் ஓராண்டுச் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம், முழுவதும் அடிமைகளின் உடைமையாளர்களுக்கே. அடிமைகளாயிருந்தவர்களுக்குக் காலணா இல்லை. தொழில் பழகுவோர் என்ற பெயரில் 1838 வரை கட்டாய உழைப்பு வேறு. இதற்கு வாங்கிய கடனின் மிச்சம் 2015-இல்தான் தீர்ந்தது. ஜமைக்காவிலிருந்து வந்தவர்களின் வரியும் அதில் சேர்த்தி.

இந்த நட்டஈட்டைக் கேட்டவர்கள் யார் யார் என்று காட்டும் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் தரவுத்தளம் இலவசம். பள்ளி இருக்கும் ஊரின் பெயரைத் தேடினால் பல ஊர்களில் யாராவது அகப்படுவார்கள். பிரபுக்கள் மட்டுமல்ல, விதவைகளும் பாதிரிமார்களும்கூட. கேட்டவர் எல்லாரும் பெற்றவர் அல்லர். சிலர் பிறர் சொத்துக்கு அறங்காவலராகக் கேட்டவர்கள். தொகையைக் கால்குலேட்டரில் அப்படியே தட்டினால் தப்பாகும்: அன்றைய கணக்கில் ஒரு பவுண்டு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங் 12 பென்ஸ்.

எல்லாவற்றிலும் கவனம் வேண்டியது குடும்பப் பெயர்களில். கரீபியன் வழி வந்த மாணவியின் பெயர் பட்டியலில் இருந்தால், அவள் முன்னோர் உடைமையாளர் என்று அவசரப்படக்கூடாது. அடிமைப்பட்டவர்கள் பலருக்கு எஜமானின் பெயரே ஒட்டிக்கொண்டது. பெயரை வகுப்பில் வாய்விட்டுப் படிக்குமுன் ஆசிரியர் பட்டியலைப் பார்த்துவைக்கட்டும்.

இரண்டையும், 1948-இல் கரீபியன் மக்களை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த விண்ட்ரஷ் கப்பல் பற்றிய பாடத்துக்கு முன்பே வையுங்கள். வரிசை மாறினால் அக்கப்பலில் வந்தவர்கள் அந்நியராகத் தெரிவார்கள். அவர்களோ பிரிட்டிஷ் பிரஜைகள்.

இப்படிக்கு,
இங்கிலாந்துப் பள்ளிகளின் தமிழ் வரலாற்று ஆசிரியர்கள் சிலர்